எண் இல்லாத இசைத்தட்டு

போன மாதம் எங்கள் பழைய பத்திரிகை அலுவலகத்திலிருந்து நிர்மலா வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு இசைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற பெண். கையில் செங்கல் கனத்துக்கு ஒரு கேசட் பெட்டி. "சார், நீங்க பேரை மட்டும் சொல்லுங்க. எந்தக் காலத்து ஜாஸ் தட்டா இருந்தாலும் சரி, கேசட்ல ஏத்திக் கொண்டாந்துடறேன். உங்க வாழ்க்கையிலேயே கேட்டதுல இதுதான்னு ஒண்ணு இருக்குமில்ல, அதைச் சொல்லுங்க" என்றாள்.

நான் சொல்லவில்லை. காப்பி கொடுத்து, அவள் அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்து, பேச்சை மாற்றி அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கேட்டுவிட்டாள் அல்லவா, இனி அது வாயை மூடிக்கொண்டு உள்ளே கிடக்காது. வேலை பார்த்த காலம் முழுக்க ஆங்கிலத்தில் எழுதிச் சோறு தின்றவன், இதை மட்டும் தமிழில் எழுதுகிறேன். இதில் வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழில்தான் என்னைத் திட்டினார்கள்.

ராயபுரத்தில் ஒரு ஜாஸ் விமர்சகன் இருந்தான் என்றால் இன்றைக்குச் சிரிப்பார்கள். அன்றைக்கும் சிரித்தார்கள். என் அப்பாவுக்குத் துறைமுகத்தின் வாசலில் கப்பல் சாமான் கடை. தூத்துக்குடியிலிருந்து வந்து போட்ட கடை. கயிறு, தார், பாய்த் துணி, தைக்கிற ஊசி, சரட்டு நூல், கப்பல் சமையற்காரர்களுக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் கிடைக்கும். ஒரு வெளிநாட்டுக் கப்பலின் சமையற்காரன் ஒரு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளைக் கடையில் வைத்துவிட்டு, வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போனான். வரவேயில்லை. யுத்த காலம், கடலில் யாருக்கு என்ன ஆனதோ. அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு தட்டைச் சுற்றவிட்ட நாளோடு வெங்காய வியாபாரத்துக்கு நான் லாயக்கில்லாதவன் ஆனேன்.

"ஏலே, என்னல இது? பித்தளைப் பானையைப் படியில உருட்டுத மாதிரி கெடக்கு" என்றார் அப்பா. இவ்வளவு சுருக்கமாக ஜாஸைப் பற்றி நான் பிறகு எங்கும் படித்ததில்லை.

கல்லூரி, பிழை திருத்துகிற வேலை, ஒரு ஆங்கில நாளிதழில் மூலை நாற்காலி என்று சில வருடங்கள் ஓடின. அதையெல்லாம் விவரிக்கப் போவதில்லை. யுத்தத்தின்போது இசைப் பகுதியை எழுதிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போய்விட, ஜாஸ் தட்டுகளைப் பற்றி எழுத ஆள் வேண்டும் என்று வந்தது. ஞாயிற்றுப் பக்கத்தின் ஆசிரியர் சேஷாத்ரி சார் அலுவலகத்தில் எல்லோரையும் கேட்டுவிட்டுக் கடைசியாக என்னைக் கேட்டார். சுதந்திரம் வந்த புதிது. ஒரு வருடம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் பத்தியை நிறுத்திவிடுவோம் என்றார். அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

சேஷாத்ரி சாருக்கு ஜாஸ் துளியும் பிடிக்காது. மார்கழியில் கச்சேரி கச்சேரியாக அலைகிறவர். கோட்டு, சரிகை அங்கவஸ்திரம், காலில் ஷூ என்று மூன்று தேசத்தை ஒரே உடம்பில் சுமந்து வருவார். நின்றுகொண்டேதான் படிப்பார். வியாழக்கிழமை நான் கட்டுரையைக் கொடுத்ததும் ஜன்னலோரம் போய், அதைச் சத்தமாக, செய்தி வாசிப்பவர் மாதிரி உணர்ச்சியே இல்லாமல் படிப்பார். நம் எழுத்தை இன்னொருவர் உணர்ச்சியில்லாமல் வாசித்துக் கேட்பதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நீலப் பென்சிலை உயர்த்தி ஒரே கேள்வி கேட்பார்.

"இது கேட்டதா, நெனச்சுண்டதா?"

முதல் வாரம் நான் 'சோகமான டிரம்பெட்' என்று எழுதியிருந்தேன்.

"கேட்டேன் சார்."

"டிரம்பெட் சோகமா இருந்துதா, நீ சோகமா இருந்தியா?"

யோசித்தேன். அன்றைக்கு எனக்குப் பல்வலி. "நான்தான் சார்" என்றேன். நீலக் கோடு விழுந்தது. அந்தக் கட்டுரையில் கடைசியில் மிஞ்சியது என் பெயரும் தட்டின் எண்ணும் இன்னும் சில வரிகளும்தான். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் ராஜினாமா செய்யப் போகிறேன் என்றேன். "செய்யி. உருளக்கிழங்கு மூட்டை வந்து கெடக்கு" என்றார். மறுநாள் ஒழுங்காக அலுவலகம் போனேன்.

அவர் வைத்த சட்டம் இதுதான். எந்தத் தட்டையும் மூன்று தடவை கேட்காமல் எழுதக் கூடாது. முதல் தடவை வெறுங்கையோடு, பென்சில் தொடாமல். இரண்டாவது தடவை தாளத்தை மட்டும். மூன்றாவது தடவை, எந்த வாத்தியம் நமக்குப் பிடிக்கவில்லையோ அதை மட்டும். "பிடிச்சதைக் காது தானாக் கேட்டுக்கும்டா. பிடிக்காததைத்தான் உக்காந்து கேக்கணும்" என்பார். கட்டுரையின் தலையில் தட்டின் எண் இருந்தாக வேண்டும். வாசகன் கடைக்குப் போய்க் கேட்டால் கிடைக்கிற சரக்கைப் பற்றித்தான் எழுத்து. நேரில் கேட்கிற நிகழ்ச்சி என்றால் மூன்று வாரம் போய்க் கேட்க வேண்டும். ஆடக் கூடாது, குடிக்கக் கூடாது, வாசிக்கிறவனோடு சிநேகம் கூடாது. கடைசியில் சொன்னதை மட்டும் நான் கடைப்பிடிக்கவில்லை.

காலையில் கடை திறப்பதற்கு முன் கிடங்கில்தான் கேட்பேன். வெங்காய மூட்டைமேல் கிராமபோன். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி. மல் துணியால் தட்டைத் துடைக்க வேண்டும், ஏனென்றால் கடல் காற்றில் ராத்திரிக்குள் தட்டின்மேல் ஒரு பிசுக்குப் படிந்துவிடும். சாவி கொடுத்து, முள்ளை இறக்கி, மூட்டையில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினால் மூன்று நிமிடத்துக்கு நான் ராயபுரத்தில் இல்லை. பார்த்தேயிராத ஊர்களில், பார்க்கவே போகாத மனிதர்கள் எனக்காக மூச்சைப் பிடித்து ஊதிக்கொண்டிருப்பார்கள். வாரத்துக்கு வாரம் அவர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி அலசி எழுதினேன். அந்த மனிதர்களில் ஒருவரும் எங்கள் ராயபுரம் பக்கம் வந்து ஒரு டீ குடிக்கப் போவதில்லை என்பது உறைக்கும்போது மட்டும் என்னவோ போல் இருக்கும்.

அப்போதுதான் ரெஜியைக் கேட்டேன்.

ராயபுரத்தில் ரயில்வேக்காரர்களின் இன்ஸ்டிடியூட் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு டீ, கறி அடைத்த பேட்டிஸ், நடனம். பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். ரெஜி பகலில் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர், ஞாயிற்றுக்கிழமை டிரம்பெட். அவன் மனைவி டாலி பியானோ. டிரம்ஸ் மட்டும் நம்ம ஆள், காசிமேட்டுக் கண்ணாயிரம். கட்டுமரக் குடும்பத்துப் பிள்ளை, துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச்சில் வேலை. பட்டறையில் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தவனை ரெஜி இழுத்து வந்து டிரம்ஸில் உட்காரவைத்தான். இவர்களோடு கிளாரினெட்டும், பாஸ் என்கிற ஆளுயரப் பிடிலும் வாசிக்க இரண்டு பேர்.

முதல் ஞாயிறு நான் டீ வைத்திருக்கும் மேஜையருகே வெறுங்கையோடு நின்றேன். ரெஜி கண்ணை மூடாமல் ஊதுவான். வாசலையே பார்த்துக்கொண்டு, யாரோ வரவேண்டியவர் வரவில்லை என்கிற மாதிரி. ஊதுவதற்கு முன் அவன் மூச்சு இழுப்பது கேட்கும். மேலே ஒரு சுரத்தை எட்டப் போவான், இதோ தொட்டுவிட்டான் என்று நாம் நினைக்கும்போது தொடாமல் விட்டுவிடுவான். மிச்சத்தை நம் மனசு பாடிக்கொள்ளும். நான் பாட்டுக்குப் பேட்டிஸை வாயில் வைத்து மெல்லாமல் நின்றிருக்கிறேன். பெட்டி பெட்டியாகத் தட்டு கேட்டவன், நம் தெருக்கோடியில் இது இருப்பது தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

மூன்று ஞாயிறு கேட்டுவிட்டு எழுதினேன். சேஷாத்ரி சார் ஜன்னலோரம் நின்று படித்தார். 'தொடாமல் விடுகிறார்' என்ற இடத்தில் பென்சில் உயர்ந்தது.

"இது?"

"கேட்டது சார்."

"விட்டதை எப்படிடா கேப்பே?"

"ஆடிண்டிருந்தவா எல்லாரும் தூக்கின காலைக் கீழே வெக்காம நின்னா சார். அதையும் பார்த்தேன்." அவரிடம் பேசிப் பேசி எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. பென்சில் இறங்கியது. அடிக்கவில்லை.

கட்டுரை வந்த ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்டிடியூட்டில் எனக்கு இலவசமாக டீ கொடுத்தார்கள். கண்ணாயிரம் வந்து, "இன்னா நைனா, என்னிய பத்தி ரெண்டே வரிதான் எழுதிகீற? நான் தட்டாங்காட்டி இவன் எங்க ஊதறது" என்று சண்டை போட்டான். அன்றிலிருந்து அவன் எனக்கு தோஸ்து.

ஆனால் அந்த வருடத்தில் வாராவாரம் நடனத்தரை காலியாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குடும்பமாகக் கப்பல் ஏறியது. சீமைக்குச் சிலர், ஆஸ்திரேலியாவுக்குச் சிலர். போன வாரம் ஆடிய ஜோடி இந்த வாரம் இருக்காது. கிளாரினெட்காரரும் பாஸ்காரரும்கூடப் போய்விட்டார்கள். தெருவில் கட்டிலும் நாற்காலியும் விலைக்கு வைத்திருப்பார்கள். ஒரு நாள் இடைவேளையில் ரெஜி டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டே, "எங்களுக்கும் டிக்கெட் வந்தாச்சு, ஜேக். கொழும்பு போய் அங்கேர்ந்து சீமை. என் பிரதர் அங்க இருக்கான். இங்க இன்னா மேன் கீது இனிமே?" என்றான். ஜேக்கப் என்ற என் பெயரை அவர்கள் ஜேக் ஆக்கியிருந்தார்கள்.

நான் வெளியே வந்து, சரக்கு ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் போகட்டும், அவன் வாழ்க்கை. ஆனால் அவன் ஊதுவது இங்கே இருக்க வேண்டும் என்று பட்டது. ஒரே ஒரு தட்டு. கிடங்கில் வெங்காய மூட்டைமேல் அதைச் சுற்றவிட்டு, வேண்டும்போதெல்லாம் அந்த மூச்சை நான் கேட்க வேண்டும். இதற்குமுன் எதற்கும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

தெய்வச் செயல் மாதிரி, அந்த மாதம் ஒரு இசைத்தட்டுக் கம்பெனி பதிவுக் கருவிகளோடு எழும்பூரில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்தது. நாடகப் பாட்டு, பக்திப் பாட்டு பதிவதற்கு. இயந்திரத்தைக் கையாள்கிறவர் கல்கத்தாக்காரர், எல்லோரும் பாபு என்றே அழைத்தோம். போய்க் கெஞ்சினேன். என் கட்டுரையைப் படித்திருந்தார். ஒரு நாள் மத்தியானம் வாருங்கள், சோதனையாக வாசித்துப் பார்க்கலாம் என்றார்.

போனோம். அந்தப் பங்களாவில் பளபளவென்று ஒரு பியானோ. டாலி ஆசையாகத் தொட்டாள். ரெஜி ஊதினான். என் காது கூசியது. பால் திரிந்த மாதிரி இருந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. பாபு சுருதி பார்க்கிற இசைக்கவையைத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

விஷயம் இதுதான். இன்ஸ்டிடியூட் பியானோ கடலைப் பார்த்த ஜன்னலோரம் பல வருடம் நின்றது. உப்புக் காற்றில் கம்பியெல்லாம் துரு. சுருதி சேர்க்க வந்த ஆள், சரியான அளவுக்கு முறுக்கினால் கம்பி அறுந்து முகத்தில் அடிக்கும் என்று பயந்து, எல்லாக் கம்பியையும் ஒரே சீராகக் கொஞ்சம் தாழ்த்தியே விட்டுவிட்டான். அதோடு சேர்வதற்காக ரெஜி டிரம்பெட்டின் சுருதிக் குழாயை வெளியே இழுத்து வைத்தான். வைத்தது வைத்தபடி பல மழைக்காலம் போனது. களிம்பு ஏறி, குழாய் அந்த இடத்திலேயே இறுகிவிட்டது. உலகத்திலுள்ள பியானோக்களில் ஒன்றே ஒன்றோடு மட்டும்தான் இனி அவன் டிரம்பெட் சேரும்.

"நீ ஃபிட்டர்தானே! இதைக் கழற்றத் தெரியாதா?" என்று கத்தினேன்.

"ஃபிட்டர் என்கிறதாலதான் தொடலை, மேன். நெருப்புக் காட்டினா குழாய் போயிடும். நமக்கு இன்ஸ்டிடியூட் விட்டா வேற எங்க வாசிக்கப் போறோம்னு விட்டுட்டேன்" என்றான் ரெஜி.

மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், வெந்நீர் எல்லாம் பார்த்தாயிற்று. அசையவில்லை. அடுத்த வாரம் அவர்கள் கப்பல். டாலிதான் சாதாரணமாகச் சொன்னாள், "அப்ப நம்ம பியானோவை இங்க கொண்டு வரணும்." கண்ணாயிரம் தொடையைத் தட்டினான். "அவ்ளோதான? கப்பல்லேர்ந்து யானையே எறக்கிகீறோம். இந்தப் பொட்டி இன்னா சுண்டக்கா!"

இன்ஸ்டிடியூட் செயலாளர் ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்ப வர வேண்டும் என்று தலையாட்டினார். கண்ணாயிரத்தின் ஆட்கள் கட்டை வண்டியோடு வந்தார்கள். கயிறு கேட்டு அப்பாவிடம் போனேன். இந்தக் கூத்துக்குக் கயிறா என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கல்லாவைப் பூட்டிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே வந்தார். "தள்ளுலே. நீ கட்டுனா தெருவுல விழுந்து கெடக்கும்" என்று கோணி சுற்றி, நல்ல மணிலாக் கயிற்றால் அவரே முடிச்சுப் போட்டார். ராயபுரத்திலிருந்து எழும்பூர் வரை அந்தப் பியானோ ஊர்வலம் போனது. வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளே கம்பிகள் முனகின. தெருவோரம் ஒரு பெண், சாமியோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா சிரித்ததை அன்றைக்குத்தான் தெருவில் பார்த்தேன்.

இனி நடந்ததை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் காலத்தவர்களுக்கு விளங்காது. அப்போது ஒலிநாடா கிடையாது. சோப்புக் கட்டி மாதிரி கனத்த மெழுகுத் தட்டு சுழலும், அதன்மேல் ஊசி கோடு கிழித்துக்கொண்டே போகும். அந்த மெழுகைக் கல்கத்தாவுக்கு அனுப்பி, உலோகத்தில் வார்த்து, அதிலிருந்துதான் கடையில் விற்கிற தட்டு. மெழுகைப் போட்டுக் கேட்கக் கூடாதா என்றால், கேட்கலாம். ஆனால் முள் ஓடும்போதே கோடு நசுங்கிவிடும். ஒரு தடவை கேட்ட மெழுகு செத்த மெழுகு. பிறகு அதைச் சீவி, வழவழப்பாக்கி, வேறு யாருக்காவது பயன்படுத்துவார்கள்.

அன்றைக்கு நாடகக்காரர்கள் போக பாபுவிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு மெழுகு.

கதவை மூடி, ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தினார்கள். வியர்வை ஆறாக ஓடியது. பாபு கையை இறக்கினார். வாசித்தார்கள். அது அவர்கள் ஞாயிறு தோறும் கடைசியாக வாசிக்கிற மெட்டு, பெயர்கூட வைக்கவில்லை. நான் சுவரோடு சாய்ந்து நின்றேன், மூச்சு விடப் பயந்துகொண்டு. உண்மையைச் சொன்னால் அப்போது நான் சரியாகக் கேட்கவில்லை. இருமல் வந்துவிடுமோ, தெருவில் மோட்டார் வந்துவிடுமோ என்ற கவலைதான். முடிந்ததும் பாபு ஊசியைத் தூக்கிவிட்டு, நன்றாகப் பதிந்திருக்கிறது என்றார்.

பிறகு அவர் ஒளிக்காமல் சொன்னார். மெழுகை அனுப்புகிறேன். ஆனால் தட்டாகுமா என்பது தலைமை அலுவலகத்தின் கையில். இந்த மாதிரி வாத்தியக்காரர்களின் மெழுகுகள் பலவற்றை அனுப்பியிருக்கிறேன், தட்டாக வந்ததை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வேண்டியது சினிமாப் பாட்டு. அனுப்புவதா, இப்போதே போட்டுக் கேட்பதா, நீங்களே சொல்லுங்கள் என்றார்.

"அனுப்புங்கள்" என்றேன் நான். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. முந்திக்கொண்டு சொன்னேன்.

ரெஜி மெழுகைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஜேக், நீ என்னை எவ்ளோ தடவை கேட்டிருக்கே?"

"ஞாயிறு தவறாமல்."

"நான் ஒரு தடவைகூட கேட்டதில்ல, மேன்."

எனக்கு அது வரைக்கும் தோன்றவேயில்லை. தட்டில் வருகிற பெரிய ஆட்கள் தங்களைத் தாங்களே கேட்டிருப்பார்கள். இவன் ஊதுவதை இவனைத் தவிர ராயபுரமே கேட்டிருக்கிறது. ஊதுகிறவன் காதுக்கு அது வேறு மாதிரி, மண்டைக்குள்தான் கேட்கும். ஆனாலும் நான் விடவில்லை. தட்டாகிவிட்டால் சீமையிலேயே வாங்கிக் கேட்கலாம், உன் பிள்ளைகள் கேட்பார்கள் என்றெல்லாம் பேசினேன். என் கிடங்கைப் பற்றிச் சொல்லவில்லை.

கண்ணாயிரம் குறுக்கே வந்தான். "நைனா, தட்டு வந்தா வர்து, வராங்காட்டி போவுது. அது வர சொல்ல இவன் இங்க இருப்பானா, இல்ல நாந்தான் இவன் கூட இருப்பனா? நாம இன்னா வாசிச்சோம்னு நமக்கே தெரியாம பிரியறது பேஜாருப்பா. எல்லாரும் ஒண்ணா கீறோம். இப்ப போடச் சொல்லு."

டாலி பாபுவைப் பார்த்துத் தலையசைத்தாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. முட்டாள்கள், முட்டாள்கள் என்று மனசுக்குள் திட்டினேன். அறையை விட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். நல்ல வேளை, போகவில்லை.

பாபு லேசான முள்ளை மாற்றி மெழுகின்மேல் இறக்கினார்.

கேட்டதை மட்டும் சொல்கிறேன். முதலில் கரகரப்பு. பிறகு ரெஜி மூச்சு இழுப்பது. பியானோ, உலகத்தைவிட ஒரு மயிரிழை கீழே, ஊர் அடங்கின மாதிரி. கண்ணாயிரம் டிரம்மைக் கம்பி பிரஷ்ஷால் தடவுவது, கரையில் மணல் இழுபடுகிற சத்தம். டிரம்பெட் இரண்டு தடவை மேலே போய்த் தொடாமல் திரும்பியது. மூன்றாவது தடவை தொட்டது. அதற்கு முன் அவன் ஒரு ஞாயிறும் தொட்டதில்லை. அந்த இடத்தில் டாலியின் இடது கை ஒரு கணம் நின்றுபோனது, அதுவும் பதிந்திருந்தது. பிறகு அவள் பிடித்துக்கொண்டாள். கடைசிச் சுரம் முடிந்த பின் நாற்காலி கிறீச்சென்றது.

ரெஜி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான். "அது நானா?" என்றான். "நல்லாத்தான் கீது, இல்ல?" என்று அவனே சொல்லிக்கொண்டு சிரித்தான். டாலி எழுந்து போய் அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

பாபு மெழுகைச் சீவும் இயந்திரத்தில் வைத்தார். சுருள் சுருளாக உதிர்ந்தது. தடுக்க முடியாது என்று தெரிந்தும் ஒரு கைப்பிடி அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். எதற்கென்று கேட்டால் எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை அதைப் பற்றி எழுதிக் கொண்டுபோனேன். சேஷாத்ரி சார் தலைப்பைப் பார்த்தார். "நம்பர் எங்கே?"

"நம்பர் இல்லை சார்." நடந்ததைச் சொன்னேன்.

அவர் படிக்காமலே தாளை மடித்து என்னிடம் நீட்டினார். "வாசகன் கடைக்குப் போய்க் கேப்பான். இல்லாத தட்டுக்கு அவன் எங்கே போவான்? அவனை ஏங்க வெக்கறது நம்ம வேலை இல்லேடா." நான் தாளை வாங்கிக்கொண்டு கதவு வரை போய்விட்டேன். "இரு" என்றார். முதல் தடவையாக அவர் உட்கார்ந்து பார்த்தேன். "எழுத வேண்டாம். வாயாலே சொல்லு."

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "இப்போ தாளத்தை மட்டும் சொல்லு" என்றார். கண்ணாயிரம் தட்டியதைச் சொன்னேன். "இப்போ அந்த டிரம்பெட்டை மட்டும். அந்த ஓசையே எனக்கு ஆகாது" என்றார். சொன்னேன். அவர் நீலப் பென்சிலைத் தொடவேயில்லை. கண்ணைத் திறந்து, "போ, வேற தட்டு எழுது" என்றார்.

கைக்குட்டை மெழுகைக் கிடங்கில் வைத்திருந்தேன். ரெஜி வீட்டு டிரங்குப் பெட்டிகளைக் கப்பலுக்குக் கட்டித் தருவதாக அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். கோணி சுற்றி ஊசியால் தைத்துக் கட்டுவது அவர் வழக்கம். தைக்கிற சரட்டில் மெழுகு தடவினால்தான் உப்புத் தண்ணீரில் இற்றுப் போகாது. நான் போனபோது என் கைக்குட்டை அவிழ்ந்து கிடந்தது. அப்பா சரட்டை அந்த மெழுகுச் சுருளுக்குள் விட்டு இழுத்து இழுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா!" என்று கத்திவிட்டேன்.

"என்னல? நல்ல உசத்தி மெழுகுலே. எங்க புடிச்ச?" என்றார், கை நிற்காமல்.

பக்கத்து வெங்காய மூட்டையில் உட்கார்ந்து, அவர் தைத்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியைச் சுற்றி அந்தச் சரடு போய்க்கொண்டே இருந்தது, தட்டில் கோடு போகிற மாதிரி.

கப்பல் காலையில் புறப்பட இருந்தது. வின்ச்சில் கண்ணாயிரம். பெட்டிகளை வலையில் அடுக்கியதும் அவன் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினான். அப்பா மெழுகைச் சரட்டில் தேய்த்த கதையை அவனிடம் சொல்லியிருந்தேன். வலை மெல்ல மேலே எழும்பியது. "பாத்துக்க நைனா, நம்ம பாட்டு போவுது!" என்று மேலேயிருந்து கத்தினான். ரெஜியும் டாலியும் தளத்தில் நின்று கையசைத்தார்கள். பெட்டி அவர்கள் பக்கத்தில் இறங்கியது. அவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. சொல்லியிருக்கலாம். கையசைத்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் எழுதினேன், எத்தனையோ தட்டு. எதைக் கேட்டாலும் சுருதி கொஞ்சம் மேலே இருப்பதாகவே என் காதுக்குப் படுகிறது. அந்த உப்புக் காற்றுப் பியானோவோடுதான் என் காதும் இறுகிவிட்டது.

நிர்மலா, நீ கேட்ட தட்டு இதுதான். எண் இல்லை, கடையில் கிடைக்காது, கேசட்டில் ஏற்ற முடியாது. ஆனால் சேஷாத்ரி சாரின் சட்டப்படி ஒரு தட்டை மூன்று தடவை கேட்க வேண்டும். நான் ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். எனக்கு இன்னும் இரண்டு தடவை பாக்கி இருக்கிறது.